சாண் என்ன, முழம் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது. உலக நெருக்கடிகளும் பொதுமக்களின் அக்கறையின்மையும். வானொலி நிலையத்திலிருந்து போனில் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், முப்பத்தோரு வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்த எனக்கே உலகத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கிணறு மடிப்பாக்கத்தில் இருக்கிறது. சென்னையின் தெற்குப் பக்கம். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த இடம். கிணறு முப்பது அடி. முழத்தில் சொன்னால் இருபது முழம். இந்த முழக்கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள், சொல்கிறேன். 2003-ஆம் வருடக் கோடையில் ஒரு தாம்புக்கயிற்றை எடுத்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் உடைந்த அம்மிக்குழவித் துண்டு ஒன்றைக் கட்டினேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அதைக் கிணற்றில் விடுவேன். தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் தட்டுப்படுகிறது என்று பார்த்து எழுதி வைப்பேன். எழுதுவதற்குப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிப்போன வருகைப் பதிவேடு ஒன்று இருந்தது. அதில்தான் எழுதினேன். இன்றைக்கும் எழுதுகிறேன். என் மகள் இதைப் 'பொழுதுபோகாத வேலை' என்பாள். பொழுது போகிறது என்பதுதான் உண்மை.

முழம் என்றால் என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஒன்றரை அடி. பூக்காரம்மா முழம் இல்லை. அவர் கையில் ஒரு முழம் வாங்கி வீட்டில் வந்து அளந்தால் முக்கால்தான் தேறும், அது வேறு கணக்கு.

அந்த 2003 மே மாதம் பதிவேட்டில் பதினேழாவது முடிச்சு என்று எழுதியிருக்கிறேன். அடியில் மூன்று முழம் கலங்கல் தண்ணீர். சென்னையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருடம் லாரித் தண்ணீருக்குத் தெருவில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஆள்கள் நிழலில் உட்கார்ந்திருப்போம். அப்போதுதான் தமிழ்நாடு அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாகக் கட்டும் வீடு மட்டுமில்லை, ஏற்கெனவே கட்டியிருக்கும் வீடுகளிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும். அதற்குக் கெடு தேதி உண்டு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்று பேச்சு. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த நேரம். அவரது ஆட்சியைப் பற்றி அவரவருக்கு அவரவர் கருத்து. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதத்தில் எங்கள் தெருவில் நடந்ததை நான் பார்த்தேன். கொத்தனார் கிடைக்கவில்லை. பிவிசி குழாய் கிடைக்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியே இறக்கி, கூழாங்கல்லும் மணலும் போட்ட குழிக்குள் விடும் வேலைக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கடப்பாரைச் சத்தம். சும்மா கணக்குக் காட்டுவதற்காக ஒரு குழாயை மட்டும் மாட்டி விட்டவர்களும் உண்டு. இருந்தாலும் பெரும்பாலோர் செய்தார்கள்.

2005 கடைசியில் பேய்மழை பெய்தது. 2006 ஜனவரி முதல் தேதி என் பதிவேட்டில் மூன்றாவது முடிச்சு. எட்டிக் கையை விட்டால் தொடலாம் போல இருந்தது. எல்லாம் குழியால் வந்தது என்று சொல்ல மாட்டேன், மழை அப்படி. ஆனால் பெய்த மழை உள்ளே போக ஒரு வழி இருந்தது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், மக்களுக்கு அக்கறையே இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இந்தக் கடப்பாரைச் சத்தம்தான் காதில் கேட்கும். கெடு தேதி வைத்தார்கள், செய்தோம். ஒடிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்துப்போனார்கள். அதே கரையில் 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். நடுவில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக ஒத்திகை பார்த்தார்கள். ஏழை மாநிலம், அதே அதிகாரிகள், அதே மக்கள். புயலுக்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, கரையைக் கடக்கும் ஊர் பெயர் கூட உண்டு. வானொலியில் ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

நிலத்தடி நீர் இறங்குவதற்கு எந்தத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவது? மாதம் அரை முடிச்சு, கால் முடிச்சு. கயிறு விட்டுப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு மோட்டார் தண்ணீர் எடுக்கும் வரை தண்ணீர் இருக்கிறது. காற்று விடுகிற அன்றைக்கு இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். 2014 செப்டம்பர். எங்கள் தெரு நலச்சங்கக் கூட்டம். குழிகள் தோண்டிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மணல் அடைத்துக்கொண்டது, சில வீடுகளில் குழி மேலேயே டைல்ஸ் போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தினார்கள். மழைக்கு முன்னால் எல்லாக் குழியையும் கிளறி, கூழாங்கல்லைக் கழுவிப் போடுவோம், கூடவே தெருமுனை வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி எழுதிக்கொடுப்போம் என்று நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தெருவில் எழுபத்திரண்டு வீடு. வந்தது பதினொரு பேர். அதில் இருவர் நேரம் தெரியாமல் சீட்டுப் பணம் கட்ட வந்தவர்கள். முக்கால் மணி நேரம் வாட்ச்மேனுக்கு ஸ்வெட்டர் வாங்குவதா, பணமாகக் கொடுப்பதா என்று பேசினோம். மடிப்பாக்கத்தில் ஸ்வெட்டர்! சரி. கடைசியில் என் தாளை எடுத்தேன்.

செயலாளர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற எஞ்சினியர். தினமும் இரண்டு செய்தித்தாள் படிப்பவர். வடதுருவத்தில் பனி எவ்வளவு உருகியது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், உலகமே சூடாகிக்கிட்டுப் போகுது. அமெரிக்காக்காரன் நிறுத்த மாட்டேங்கிறான், சீனாக்காரன் நிறுத்த மாட்டேங்கிறான். நீங்க கூழாங்கல்லைக் கழுவணும்ங்கிறீங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

அடுத்த வருடம் 2015. டிசம்பர் 1. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்த்தான் கடலுக்கு வழி தேட வேண்டும். அந்தச் சதுப்பு நிலம் எவ்வளவு சுருங்கிப்போயிருக்கிறது என்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். குப்பைமேடு ஒரு பக்கம், கட்டடங்கள் ஒரு பக்கம். தண்ணீர் போக இடமில்லாமல் வந்த வழியே திரும்பியது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. நாங்கள் மாடிக்குப் போய்விட்டோம். விடியற்காலையில் எதிர்வீட்டுப் படிக்கட்டில் லாந்தர் வெளிச்சம். செயலாளர்தான். கீழே கட்டிலின் மேல் அரிசி மூட்டையையும், மனைவியின் மருந்துப் பெட்டியையும், மெத்தையையும் அடுக்கிவைத்திருக்கிறார். அங்கிருந்து கத்துகிறார்: "டீச்சர், இன்னும் ஏறுமா? கட்டில் சட்டத்துக்கு இன்னும் ஒரு சாண்தான் இருக்கு!"

ஒரு சாண். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் அன்றைக்கு அதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை, பிறகும் சொன்னதில்லை. இந்த உரையை அவர் கேட்டுக்கொண்டிருந்தால், சார், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே கேட்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். ஒரு சாண் ஏறினால் தரை நனையும். ஒரு முழம் ஏறினால் கட்டில் நனையும், அரிசி போகும், இன்சுலின் போகும். தலைக்கு மேல் வெள்ளம் போனதாக நாம் சொல்கிற பெரும்பாலான நேரம் அது முழங்கால் அளவில்தான் இருக்கிறது. அங்கே சாணும் முழமும்தான் எல்லாம்.

அந்த வாரம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே டிசம்பர் 1-ஆம் தேதி, பாரிஸ் பக்கத்தில் உலக நாடுகளெல்லாம் உட்கார்ந்து பருவநிலை மாநாடு நடத்திக்கொண்டிருந்தன. நவம்பர் 30 தொடங்கி, டிசம்பர் 12 ஒப்பந்தம். பூமியின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 2 டிகிரிக்கு வெகு கீழே நிற்க வேண்டும், முடிந்தால் 1.5 டிகிரியோடு நிறுத்தப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அரை டிகிரிதானே வித்தியாசம், அதற்கு ஏன் இரண்டு வாரம் சண்டை? 2018-இல் ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு அந்த அரை டிகிரிக்காகவே ஓர் அறிக்கை போட்டது. 1.5 டிகிரி ஏறினால் வெப்பக்கடல் பவளப்பாறைகளில் எழுபதிலிருந்து தொண்ணூறு சதவீதம் அழியும். 2 டிகிரி என்றால் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு மேல், அதாவது அநேகமாக மிச்சமே இல்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பவளப்பாறை என்றால் படத்தில் பார்க்கிற அழகு இல்லை, மன்னார் வளைகுடாவில் மீன் குஞ்சு பொரித்து வளரும் இடம். அரை டிகிரி, ஒரு சாண்.

கயிறு விட்டுப் பார்ப்பது நான் மட்டுமில்லை. 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய் தீவில் மௌனா லோவா எரிமலை மேல் கருவி வைத்து, பூமியைச் சூடாக்கும் கரியமிலவாயு காற்றில் எவ்வளவு என்று அளக்க ஆரம்பித்தார். பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. நடுவில் பணம் தர மாட்டோம் என்றார்கள், கருவி கொஞ்ச நாள் நின்றும்போனது. விடாமல் அளந்தார். 2005-இல் அவர் இறந்த பிறகு அவர் மகன் ரால்ஃப் கீலிங் தொடர்கிறார். இப்போது 420-க்கு மேல். அப்பா விட்ட கயிற்றை மகன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போது, என் மகளை நினைத்துக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் உலகம் எதையுமே செய்ததில்லையா? செய்திருக்கிறது. சூரியனின் கெட்ட கதிர்களை வடிகட்டும் ஓசோன் படலம் ஞாபகம் இருக்கிறதா? என் வகுப்பில் எண்பதுகளின் கடைசியில் படித்த பிள்ளைகள் 'ஓசோனில் ஓட்டை' என்று கட்டுரை எழுதிக் குவித்தவர்கள். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் அப்போது இருந்த குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயு ஓசோனைத் தின்னும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் சொன்னார்கள். தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவுக்கு மேலே படலம் மெலிந்துகிடப்பதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16, மான்ட்ரியலில் ஒப்பந்தம். இரண்டே வருடம்! எந்தப் பொருளை எந்த வருடத்துக்குள் எவ்வளவு குறைப்பது என்று அதில் தேதி போட்டு எழுதினார்கள். ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம், பிறகு மாற்றிக்கொள்ளத் தனி நிதி. உலகத்தின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும்போது அண்டார்டிகா மேலே படலம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்கிறார்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முன்புபோலவே குளிர்கிறது, உள்ளே இருக்கும் வாயு மட்டும் வேறு. அது மாறியதே நம்மில் பலருக்குத் தெரியாது.

கரியமிலவாயுவுக்கு ஏன் அது நடக்கவில்லை என்றால், குளோரோஃபுளோரோகார்பன் வீட்டுக்கு வந்த விருந்தாளி. போகச் சொல்லலாம். நிலக்கரியும் பெட்ரோலும் அடுப்பே அல்லவா. அடுப்பை மாற்றாமல் புகையை மட்டும் நிறுத்து என்றால் எந்த வீட்டில் நடக்கும்? மாற்றுவதற்குப் பணம் வேண்டும். 2009-இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள், 2020-க்குள் வருடத்துக்கு பத்தாயிரம் கோடி டாலர் தருவோம் என்று வளரும் நாடுகளுக்கு வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகையை முதன்முதலில் எட்டியது 2022-இல். அவர்கள் கணக்குப்படியே இரண்டு வருடம் தாமதம், அதிலும் பெரும்பகுதி கடன். எங்கள் செயலாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஓர் அமெரிக்கர் சராசரியாக வெளியிடும் கரியமிலவாயுவில் நம் ஆள் ஒருவர் ஏழில் ஒரு பங்குதான் வெளியிடுகிறார். அது மாநாட்டு மேசையில் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் தெரு வாய்க்காலில் பிளாஸ்டிக் அடைத்திருப்பதற்கு அது பதிலாகாது.

அரசியல்வாதிகளைத் திட்ட வேண்டாமா என்பீர்கள். திட்டலாம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மேம்பாலம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீருக்கு எங்கே ரிப்பன் கட்டுவது? வராமல் போன வெள்ளத்துக்கு யார் மாலை போடுவார்கள்? ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பரீட்சை எழுதுகிறவர், கேள்வித்தாளில் வராததைப் படிக்க மாட்டார். முப்பத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். கேள்வித்தாள் தயாரிப்பது நாம். எந்தத் தேர்தலில் வாய்க்காலைக் கேட்டு ஓட்டுப் போட்டோம்? நானே போட்டதில்லை.

வெள்ளம் வடிந்ததும் என்ன நடந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு மாதம் தெருவே ஒன்றாக இருந்தது. முன்பின் தெரியாத பையன்கள் சோற்றுப் பொட்டலத்தோடு இடுப்பளவு தண்ணீரில் வந்தார்கள், மீனவர்கள் படகைக் கொண்டுவந்தார்கள். அக்கறையில்லாத ஜனம் என்று அவர்களைச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பொங்கலுக்குள் எல்லாம் கலைந்தது. குழிகள் அப்படியே இருந்தன.

அப்புறம் 2019. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நான்கு ஏரியும் வறண்டது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். ரயிலுக்கு மாலையெல்லாம் போட்டிருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அதே ஊரில் படகு விட்டோம். அந்த ஜூன் முதல் தேதி என் கயிறு இருபதாவது முடிச்சு வரை போய்க் காய்ந்த மண்ணில் 'தொப்' என்று தட்டியது. வருகைப் பதிவேட்டில், தண்ணீர் என்ற பெயருக்கு நேராக, 'வரவில்லை' என்று எழுதினேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

அந்த செப்டம்பர் கூட்டத்துக்கு நாற்பத்தெட்டு பேர் வந்தார்கள். குழிகளைக் கிளறினோம். எனக்காகச் செய்யவில்லை, 'தண்ணி ரயிலுக்காக' செய்தார்கள். இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார். மூன்று நிமிடம். உள்ளாட்சி பற்றி விரிவாகச் சொல்ல நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், கிணறு அதைக் குடித்துவிட்டது. வேகமாகச் சொல்கிறேன்.

2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் அந்த 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. ஒரு வருடக் கணக்கை வைத்து ஒப்பந்த எல்லை போய்விட்டது என்று ஆகாது, பல வருட சராசரி பார்க்க வேண்டும். ஆனால் செய்தி வந்த அன்றைக்கே என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்து, "டீச்சர், அதான் போயிடுச்சே, இனிமே என்ன?" என்றான். 2014 கூட்டத்தில் கேட்ட அதே பேச்சு. 1.5 போனால் அடுத்து 1.6 இருக்கிறது, அதற்கடுத்து 1.7 இருக்கிறது தம்பி, கட்டில் சட்டத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது என்றேன். அவனுக்குக் கட்டில் கதை தெரியாது. இப்போது கேட்டிருப்பான்.

தேதி இல்லாத ஆபத்துக்கு நாமாகத்தான் தேதி வைக்க வேண்டும் என்று சொன்னேனா? சொல்ல நினைத்தேன். நம்மிடம் சில தேதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கிராமசபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டில் பகுதி சபை. அங்கே போய் மூன்று கேள்வி... இல்லை, மூன்றுக்கு நேரமில்லை, ஒன்று. நம் ஏரியின் உபரித் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அந்த வழியைக் கடைசியாகத் தூர்வாரியது எந்தத் தேதி என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.

ஒரு விரல் காட்டுகிறார். நாளை முதல் தேதி, கயிறு விட வேண்டும். போன மாதம் ஒன்பதாவது முடிச்சு. வணக்கம்.